கேமராவுக்கு இன்னொரு கண்: மானிட்டர் போதுமா, ரெக்கார்டரும் வேண்டுமா?

ஆரல்வாய்மொழியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார் அந்த இளைஞர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று வீடியோ எடுப்பதுதான் தொழில். ஒருநாள் காலையில் கடையைத் திறந்த கையோடு ஒரு பெண் வந்து நின்றார். நான்கு மாதங்களுக்கு முன்பு அவருடைய தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர் இவர்தான்.

"தம்பி, ஆச்சி போன வாரம் தவறிட்டா. மண்டபத்துக்கு வர முடியாம வீட்டு முத்தத்துல வச்சுதான் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிவிட்டா. அதுல ஆச்சி மொகம் தெளிவா உள்ள எடம் ஒண்ணு எடுத்துத் தாங்க. பதினாறுக்கு ஃபிரேம் போடணும்."

"பாத்துச் சொல்லுதேன் அக்கா" என்று அனுப்பிவைத்துவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்தார். முற்றத்துக் காட்சி 40 விநாடி இருந்தது. ஆச்சிக்குப் பின்னால் இருந்த செம்பருத்திச் செடியின் இலை நரம்புகள்கூட எண்ணும்படி தெரிந்தன. ஆச்சியின் முகம் மட்டும் மெழுகு பூசியதுபோல மங்கலாக இருந்தது. எடுத்த அன்று காலை 11 மணி வெயிலில், கேமராவின் 3 அங்குலத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

கடைசியில் ஃபிரேமுக்குப் போனது, சொந்தக்காரப் பையன் ஒருவன் செல்போனில் எடுத்த படம். அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், கேமராவுக்கு வெளியே ஒரு மானிட்டர் வாங்குவது என்று. விசாரிக்கப் போனபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. "வெறும் மானிட்டரா, ரெக்கார்டரோட சேர்த்தா?" ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். ஒரு சீசன் முழுக்க உழைத்துச் சேர்த்த பணம், தப்பான பெட்டிக்குள் போய்விடக் கூடாது.

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் மட்டுமல்ல, யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள் என எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது.

வெயிலில் தோற்கும் திரை

ஒரு திரை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதை 'நிட்' என்ற அலகால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு மெழுகுவத்தி அளவு ஒளி என்றால் ஒரு நிட். வீட்டில் இருக்கும் சாதாரண லேப்டாப் திரை 300 நிட் அளவில் இருக்கும். அறைக்குள் அது தாராளம். நடுப்பகல் வெயிலில் அதே திரை கண்ணாடிபோல உங்கள் முகத்தைத்தான் காட்டும்.

வெளிப்புறப் படப்பிடிப்புக்கு 1,000 நிட்டாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2018-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய அட்டோமாஸ் நிஞ்ஜா வி கருவியின் 5.2 அங்குலத் திரை 1,000 நிட். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் வீடியோ அசிஸ்ட் 12ஜி எச்.டி.ஆர். வகையில் 5, 7 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. இரண்டும் 2,500 நிட். இந்த இரண்டு நிறுவனங்களுமே ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரைச் சேர்ந்தவை. இவற்றைத் தவிர ஃபீல்வேர்ல்ட், போர்ட்கீஸ் போன்ற சீன நிறுவனங்கள், பதிவு வசதி இல்லாத மானிட்டர்களைக் குறைந்த விலையில் தருகின்றன.

அளவைப் பொறுத்தவரை 5 அங்குலம் கையில் பிடித்து ஓடியாடி எடுப்பவர்களுக்கு. 7 அங்குலம் ஸ்டாண்டில் நிறுத்தி எடுப்பவர்களுக்கும், பக்கத்தில் இயக்குநரோ குடும்பத்தாரோ நின்று பார்க்க வேண்டியிருப்பவர்களுக்கும். கிம்பலில் கேமரா வைத்து எடுப்பவர்கள் 7 அங்குலத்தை நினைக்கவே வேண்டாம். கை கடுத்துவிடும், மோட்டாரும் திணறும்.

ஜெர்ரி லூயிஸ் வைத்த டி.வி.

கேமரா பார்ப்பதை இன்னொரு திரையில் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1960-ல் வெளிவந்த 'தி பெல்பாய்' படத்தை அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ் இயக்கி, அவரே நடிக்கவும் செய்தார். நடித்துக்கொண்டே ஷாட் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, சினிமா கேமராவோடு ஒரு வீடியோ கேமராவையும் டி.வி. திரையையும் சேர்த்துப் பயன்படுத்தினார். 'வீடியோ அசிஸ்ட்' என்ற முறையைப் பரவலாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நம் ஊர் ஷூட்டிங்கில் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து மானிட்டர் பார்ப்பதும் அந்த வழியில் வந்ததுதான். அந்த டி.வி. பெட்டி 60 வருடத்தில் சுருங்கி, உள்ளங்கை அகலத்துக்கு வந்திருக்கிறது.

பெரிதாகக் காட்டுவது மட்டும் அதன் வேலை அல்ல

மானிட்டர் வாங்குபவர்கள் பலரும் திரை பெரிதாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் கருவிகள்தான் காசுக்கு மதிப்பு.

*ஃபோகஸ் பீக்கிங்:* ஃபோகஸில் இருக்கும் பொருளின் ஓரங்களைச் சிவப்பிலோ பச்சையிலோ மினுக்கிக் காட்டும். அன்று இது இருந்திருந்தால் செம்பருத்தி இலைகள் சிவப்பாக மினுங்கியிருக்கும், ஃபோகஸ் ஆச்சி மேல் இல்லை என்பது அந்த நிமிடமே தெரிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை. இலை, சேலைக் கரை, எழுத்து போன்ற கூர்மையான ஓரங்களில் பீக்கிங் எளிதாக மினுங்கும். மென்மையான முகத்தில் அவ்வளவு மினுங்காது. அதனால் ஒருமுறை திரையைப் பெரிதாக்கி, கண் இமை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

*ஸீப்ரா:* வெளிச்சம் அளவுக்கு மீறிய இடத்தில் வரிக்குதிரைபோலக் கோடு போடும். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே மாப்பிள்ளை, பெண்ணை நிறுத்தி எடுக்காத கல்யாண ஆல்பம் அந்த வட்டாரத்தில் குறைவு. வெள்ளைக் கோபுரம், பின்னால் வெள்ளை மேகம், முன்னால் வெள்ளை வேட்டி. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் மூன்றும் ஒரே வெள்ளையாகிவிடும். பிறகு எந்த எடிட்டிங்கிலும் வேட்டியின் கரை திரும்பி வராது. ஸீப்ரா கோடு வேட்டியில் ஏறும் முன்பே அப்பெர்ச்சரைக் குறைத்துவிடலாம்.

*வேவ்ஃபார்ம்:* படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும். இதைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகலாம். ஆனால், கண் ஏமாறும் இடத்தில் இது ஏமாறாது. வெயிலில் திரை மங்கலாகத் தெரியும். படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவோம். வீட்டில் போய்ப் பார்த்தால் வானம் வெளுத்திருக்கும். ராத்திரி கோயில் கொடையில் இதற்கு நேர்மாறு. இருட்டில் 1,000 நிட் திரை பளீரென்று தெரியும். போதுமான வெளிச்சம் இருக்கிறது என்று நம்பி எடுத்துவிடுவோம். பார்த்தால் படம் கறுத்திருக்கும். ஆக, பிரகாசமான மானிட்டரே தப்பான முடிவுக்கு இழுத்துவிடலாம். ஃபிரேமுக்கும் ஃபோகஸுக்கும் திரையை நம்பலாம், வெளிச்சத்துக்கு வேவ்ஃபார்மை நம்ப வேண்டும்.

*எல்.யு.டி.:* 'லாக்' முறையில் எடுத்தால் படம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். பெண் வீட்டார் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, பட்டு இப்பிடி வெளுத்துக் கெடக்கு?" என்று பதறுவார்கள். எல்.யு.டி. போட்டால், பதிவு அப்படியே இருக்க, திரையில் மட்டும் இறுதி வண்ணம் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் வெறும் மானிட்டர் போதும். ரெக்கார்டர் தேவையில்லை.

அப்படியானால் ரெக்கார்டர் எதற்கு?

மானிட்டர்-ரெக்கார்டர் என்பது கேமரா அனுப்பும் படத்தைக் காட்டுவதோடு தனக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யிலோ கார்டிலோ பதிந்தும் வைக்கும். இதை வாங்க நான்கு நியாயமான காரணங்கள் உண்டு.

முதலாவது, வண்ணம். பல கேமராக்கள் உள்ளே 8 பிட்டில் பதிகின்றன. ஒரு நிறத்துக்கு 256 படிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.67 கோடி வண்ணங்கள். 10 பிட் என்றால் நிறத்துக்கு 1,024 படிகள், மொத்தம் 107 கோடி. அந்தி வானம் பட்டை பட்டையாகத் தெரியாமல் இழைவது இதனால்தான். 2014-ல் வந்த பானசோனிக் ஜி.எச்.4 கேமராவில் உள்ளே பதிந்தால் 8 பிட்தான், எச்.டி.எம்.ஐ. வழியாக வெளியே பதிந்தால் 10 பிட் கிடைத்தது. அந்தக் காலத்தில் ரெக்கார்டர் வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் 2017-ல் வந்த ஜி.எச்.5 உள்ளேயே 10 பிட் பதிந்தது. 2020-ல் வந்த சோனி ஏ7எஸ் 3-ம் அப்படியே.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரெக்கார்டர் 10 பிட் என்பதால் படம் 10 பிட் ஆகிவிடாது. சோனி ஏ7 3 கேமரா எச்.டி.எம்.ஐ. வழியாகவும் 8 பிட்தான் அனுப்பும். அரைப்படி அரிசியை ஒரு படி உழக்கில் கொட்டினாலும் அரைப்படிதானே? கேமரா என்ன அனுப்புகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். ஐரோப்பிய சுங்க வரி விதிகளை ஒட்டி, பல பழைய கேமராக்களில் 29 நிமிடம் 59 விநாடியோடு பதிவு தானாக நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்தில் அது நின்றால் என்ன ஆகும்? வெளியே பதிந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதிய கேமராக்கள் பலவற்றில் இந்தத் தொல்லையே கிடையாது.

மூன்றாவது, இரண்டாவது பிரதி. சோனி இசட்.வி-இ10, ஏ6400 போன்றவற்றில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். அந்த கார்டு பழுதானால் கல்யாணமே போச்சு. ரெக்கார்டர் இருந்தால் இன்னொரு பிரதி கையில் இருக்கும். ஏற்கெனவே இரண்டு கார்டு போடும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

நான்காவது, எடிட்டிங் வேகம். ரெக்கார்டர்கள் ஆப்பிள் 2007-ல் கொண்டுவந்த புரோரெஸ் அல்லது அவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ். வடிவில் பதிகின்றன. கம்ப்யூட்டருக்கு இவற்றைப் பிரித்துப் படிப்பது எளிது. பழைய கம்ப்யூட்டரிலும் டைம்லைன் திக்காமல் ஓடும். கல்யாண மண்டபத்திலேயே ஸ்பாட் எடிட் செய்து சாயங்கால வரவேற்பில் திரையிடுபவர்களுக்கு இது பெரிய வசதி.

யாரும் சொல்லாத செலவு

அந்த வசதிக்கு விலை இருக்கிறது. 4கே, 25 ஃபிரேம் கணக்கில் பார்க்கலாம். கேமராவுக்குள் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. அதையே புரோரெஸ் 422-ல் பதிந்தால் விநாடிக்கு 492 மெகாபிட், மணிக்கு 221 ஜி.பி. எச்.க்யூ. தரம் என்றால் 332 ஜி.பி. தரம் குறைந்த எல்.டி.யிலேயே 154 ஜி.பி. ஆகும்.

ஒரு கல்யாணத்துக்கு 6 மணி நேரம் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் 270 ஜி.பி.யில் முடிவது, புரோரெஸ் 422-ல் 1,326 ஜி.பி. ஆகிவிடும். ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். வருடத்துக்கு 40 கல்யாணம் எடுப்பவர் என்றால் 53 டெராபைட். பத்திரப்படுத்த இன்னொரு பிரதி என்றால் 106. ரெக்கார்டர் விலையோடு செலவு முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

வழி உண்டு. முகூர்த்தம், மாலை மாற்றுவது, பெரியவர்கள் வாழ்த்துவது போன்ற திரும்ப எடுக்க முடியாத நேரங்களை மட்டும் வெளியே பதியலாம். பந்தி, வரவேற்பு வரிசை எல்லாம் கேமராவுக்குள் போதும். முழு எச்.டி.யில் தருவதாக ஒப்பந்தம் என்றால் புரோரெஸ் 422-க்கு மணிக்கு 55 ஜி.பி.தான்.

கார்டு வாங்கும்போதும் கவனம் வேண்டும். 492 மெகாபிட் என்றால் விநாடிக்கு 61.5 எம்.பி. எழுத வேண்டும். வி60 கார்டு உறுதி தருவது 60 எம்.பி. மட்டுமே. இந்த வேலைக்கு வி90 கார்டுதான் சரி. எஸ்.எஸ்.டி. வாங்குவதாக இருந்தால் ரெக்கார்டர் நிறுவனம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

காற்று, கேபிள், பேட்டரி

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் அங்கே ஸ்டாண்டை நிறுத்திவிட்டு நகர முடியாது. கேமராவுக்கு மேலே நீளமான கையில் மானிட்டரை மாட்டி, வெயில் மறைப்பும் போட்டால் அது பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். படம் நடுங்கும், சில நேரம் ஸ்டாண்டே சாயும். காற்றுள்ள இடத்தில் மறைப்பு போட்டு எடுப்பதைவிட, பிரகாசமான திரையை வாங்கி, கேமராவை ஒட்டித் தாழ்வாக மாட்டுவது நல்லது. ஸ்டாண்டின் நடுவில் மணல் பை ஒன்று தொங்க வேண்டும்.

அடுத்தது கேபிள். கேமராவில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை மூன்று அளவில் வரும். முழு அளவு உறுதியானது, மினி பரவாயில்லை, மைக்ரோ ரொம்ப மென்மையானது. கேபிளில் யாராவது இடறினால் மைக்ரோ துளை உடைந்து, கேமரா போர்டையே மாற்ற வேண்டி வரலாம். கேமராவுக்கு ஒரு கேஜும் கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பும் மானிட்டரோடு சேர்த்து வாங்க வேண்டியவை. பெரிய மண்டபங்களில் லைவ் மிக்ஸிங்குக்கு எஸ்.டி.ஐ. கேபிள் பயன்படுகிறது. பூட்டிக்கொள்ளும் வசதி உள்ளது, நீண்ட தூரம் தாங்கும். ஆனால் மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. மட்டுமே உண்டு.

பேட்டரி கணக்கும் எளிதுதான். பலரும் பயன்படுத்தும் என்.பி.-எஃப்970 வகை பேட்டரியில் சுமார் 47 வாட்-மணி சக்தி இருக்கும். 20 வாட் இழுக்கும் ரெக்கார்டர் அதில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். 10 வாட் மானிட்டர் நாலரை மணி நேரம் ஓடும்.

போனையே மானிட்டராக்கலாமா?

ஆண்ட்ராய்டு போனில் எச்.டி.எம்.ஐ. கேப்சர் கார்டு ஒன்றைச் செருகி, அதற்கான ஆப் மூலம் கேமரா படத்தைப் பார்க்க முடியும். செலவு மிகக் குறைவு. ஆனால் படம் ஒரு நொடிப்பொழுது தாமதமாக வரும். அசையும் ஆளைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்வதற்கு உதவாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி வீடியோ எடுக்கும் யூடியூபர்களுக்கு, தன் முகம் ஃபிரேமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க, இது போதும். கேமராவே இல்லாமல் போனில் எடுப்பவர்களுக்கும் வழி வந்துவிட்டது. 2023-ல் வந்த ஐபோன் 15 புரோ, யு.எஸ்.பி.-சி வழியாக வெளியே இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் நேரடியாக புரோரெஸ் பதியும்.

வாங்கும் முன் ஆறு கேள்விகள்

1. என் கேமரா எச்.டி.எம்.ஐ. வழியாக எழுத்து, குறி எதுவும் இல்லாத சுத்தமான படத்தை அனுப்புகிறதா? எத்தனை பிட்?

2. எச்.டி.எம்.ஐ. செருகியதும் கேமராவின் சொந்தத் திரை அணைந்துவிடுகிறதா? சில கேமராக்களில் அணைந்துவிடும். தொட்டு ஃபோகஸ் செய்யும் வசதியும் சேர்ந்து போய்விடும்.

3. வெளியே பதியும்போது உள்ளேயும் பதிகிறதா?

4. ரெக்கார்டர் என்றால், எந்தெந்த வடிவங்கள் விலைக்குள் அடக்கம்? சிலவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டித் திறக்க வேண்டியிருக்கும்.

5. என் எடிட்டிங் மென்பொருள் அந்த வடிவத்தைத் திறக்குமா? முக்கியமாக 'ரா' வடிவங்கள்.

6. இந்தியாவில் வாரன்டி உண்டா? ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் மலிவாகக் கிடைப்பது, பழுதானால் முழு நஷ்டம்.

இந்த ஆறுக்கும் பதில் தெரிந்த பிறகும், முடிந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் கேமராவில் மாட்டி, உச்சி வெயிலில் நின்று பாருங்கள். கடையின் ஏசி அறையில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் தெரியும்.

கடைசியில் என்ன வாங்கினார்?

ஆரல்வாய்மொழி இளைஞர் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய கேமரா வெளியேயும் 8 பிட்தான் அனுப்புகிறது. இரண்டு கார்டு போடும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, அவர்தான் இரண்டாவது கார்டு வாங்காமல் இருந்தார். அவருக்கு வந்த சிக்கல் பதிவில் இல்லை, பார்ப்பதில்தான்.

1,000 நிட்டுக்கு மேல் உள்ள 5 அங்குல மானிட்டர், ஒரு கேஜ், கேபிள் கிளாம்ப், இரண்டு பேட்டரி, இன்னொரு கார்டு. ரெக்கார்டர் விலையில் பெரும்பகுதி மிச்சம். அடுத்த கேமரா மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை வங்கியிலேயே விட்டுவிட்டார். ஸ்பாட் எடிட் கேட்கும் பெரிய கல்யாணம் வந்தால் அன்றைக்கு மட்டும் ரெக்கார்டர் வாடகைக்கு.

இப்போது கல்யாண வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை, பெண்ணை எடுப்பதற்கு முன்பு, வீட்டில் வயதில் மூத்தவர் யார் என்று விசாரிக்கிறார். அவரை வெளிச்சம் விழும் இடத்தில் உட்காரவைத்து, திரையைப் பெரிதாக்கி, கண் இமையில் ஃபோகஸ் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு நிமிடம் பேசவிட்டுப் பதிந்துகொள்கிறார். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.